வீட்டுக்குள் அடைபட்ட நாட்களில் சின்னக் குழந்தைகள்: போன், டிவி, ஓட்டம் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அடுத்த சில வாரங்களிலேயே பள்ளி, பூங்கா, விளையாட்டுத் திடல் என்று எல்லாக் கதவும் சாத்தப்பட்டன. ஏப்ரலில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்ததாக யுனெஸ்கோ கணக்குச் சொன்னது. எந்தப் பள்ளியிலும் பெயர் எழுதப்படாத ஒன்று, இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. நான் வேலை பார்ப்பது அந்த வயதுக் குழந்தைகளோடுதான். அப்போது என் வீட்டிலும் மூன்று வயதில் ஒருவன் இருந்தான்.

அந்த மாதங்களில் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகளையும், அப்புறமும் கேட்டுக்கொண்டே இருப்பவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெருந்தொற்று போனாலும் அடைபடும் நாட்கள் போய்விடவில்லை. விடாத மழை, வெள்ளம், புகைமூட்டம், கடும் வெயில், காலில் மாவுக்கட்டு, வீட்டில் ஒருவருக்கு அம்மை என்று ஏதாவது ஒரு காரணம் வந்துகொண்டேதான் இருக்கிறது.

ஐந்து வயதுக்குள் எவ்வளவு நேரம் திரை பார்க்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்காகத் தனியாக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்கும் வேண்டாம். இரண்டு வயதில் நாளுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம். குறைந்தால் இன்னும் நல்லது. மூன்று, நான்கு வயதுக்கும் அதே 1 மணி நேரம்தான்.

பெற்றோர் பெரும்பாலும் இந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதே வழிகாட்டுதலில் அசைவுக்கும் தூக்கத்துக்கும் கணக்கு இருக்கிறது. ஒரு வயதிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு குறைந்தது 180 நிமிடம் உடல் அசைய வேண்டும். மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த 180இல் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி ஓட்டமோ குதியோ இருக்க வேண்டும். தூக்கம், பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒன்று இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரம். மூன்று நான்கு வயதில் 10 முதல் 13.

மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். போனைப் பிடுங்குவது எப்படி என்பதிலிருந்து ஆரம்பித்தால் நாள் முழுக்கச் சண்டைதான். 180 நிமிடத்தை நிரப்புவது எப்படி என்பதிலிருந்து ஆரம்பித்தால் திரைக்கான இடம் தானாகவே சுருங்கும். என் அனுபவத்தில் இதுதான் வேலை செய்தது. கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

மூன்று மணி நேரமா? வீட்டுக்குள் அது எப்படி முடியும்?

ஒரே மூச்சில் இல்லை. காலையில் பத்து நிமிடம், குளிக்கும் முன் பத்து நிமிடம் என்று துண்டு துண்டாகச் சேர்வதுதான் கணக்கு. அசைவு என்றால் உடற்பயிற்சி என்றும் நினைக்க வேண்டாம். தவழ்வது, ஏறி இறங்குவது, துணிக்கூடையை இழுப்பது, மேசைக்கு அடியில் புகுந்து வெளியே வருவது எல்லாமே சேர்த்தி. சாதாரண நாளில் இதில் பெரும்பகுதி யாரும் ஏற்பாடு செய்யாமலே நடந்துவிடும்: தெருவில் நடப்பது, படியேறுவது, மற்ற பிள்ளைகளைத் துரத்துவது. அடைபட்ட நாளில் அதெல்லாம் ஒட்டுமொத்தமாக நின்றுபோகிறது. பெரிய பிள்ளைகளிடமே இது எவ்வளவு குறைந்தது என்று ஷாங்காயில் கணக்கெடுத்தார்கள். 6 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் உடற்செயல்பாடு, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பிள்ளையின் கணக்கில், வாரத்துக்கு 540 நிமிடமாக இருந்தது 2020இல் 105 நிமிடத்துக்கு இறங்கியது.

அதனால் அடைபட்ட நாளில் அசைவை நாம்தான் நாளுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு மிகச் சின்னது. ஓட இடமே இல்லை.

ஓட்டத்துக்குத்தான் நீளம் வேண்டும். குதிக்கவும் தவழவும் உருளவும் தொங்கவும் தள்ளவும் ஒரு பாய் அளவு இடம் போதும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது வாரம் இருக்கும். மதியம் நான்கு மணிக்கு மேல் மகன் சோபாவின் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு "போன் குடு, போன் குடு" என்று ஒரே ராகத்தில் நச்சரித்தான். பெட்டி ஒட்டுகிற டேப் ஒன்று கையில் கிடைத்தது. எதுவும் பேசாமல் அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை ஒரு நேர்கோடு ஒட்டினேன். ராகம் நின்றது. இறங்கி வந்தான். ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து, இரண்டு கையையும் விரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நடந்தான். பாதி வழியில் தடுமாறி விழுந்தான். எழுந்து போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அன்றைக்கு அந்தக் கோட்டில் நாற்பது நிமிடம் போயிற்று. மறுநாள் வளைந்த கோடு. அதற்கடுத்த நாள் கோட்டுக்குக் குறுக்கே தலையணைகள். ஐந்தாம் நாள் அவனே ஒட்ட ஆரம்பித்துவிட்டான். அறை முழுக்கச் சிலந்திவலை மாதிரி இருந்தது.

இப்படிப் பலருக்கும் பலித்த சில விளையாட்டுகள் உண்டு. நாற்காலிகள்மேல் போர்வையைப் போட்டால் சுரங்கப்பாதை. அதில் தவழ்ந்து போய் ஒரு பொம்மையை மீட்டு வர வேண்டும். கரடி நடை, நண்டு நடை, தவளைக் குதி என்று விலங்குகளாக நடந்து காட்டச் சொன்னால் கை, தோள், வயிறு எல்லாம் வேலை செய்யும். ஒரு சுற்றிலேயே மூச்சு வாங்கும். காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கி ஒரு வாளியில் எறியலாம். போட்டு முடித்ததும் வாளியை ஒரு அடி பின்னால் தள்ளுங்கள். பாட்டை ஓடவிட்டு, நிறுத்தியதும் சிலையாக நிற்பது. கண்ணாமூச்சி, நொண்டி. சுவரைத் தள்ளி "வீட்டை நகர்த்துவது" எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் ஓடியது. பெரியவர்களுக்கு அபத்தமாகத் தெரியும். குழந்தை முழுப் பலத்தோடு தள்ளும்.

வீட்டு வேலையையும் கூடவே வையுங்கள். துவைத்த துணியை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுப்பது, சின்ன ஈரத்துணியால் தரை துடைப்பது, செருப்புகளை ஜோடி சேர்ப்பது. இரண்டு வயதுக் குழந்தைக்கு இது வேலை என்றே தெரியாது. உங்களோடு இருக்கிறோம் என்பதுதான் அதற்குத் தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: பத்து விளையாட்டையும் ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள். ஒன்று சலிக்கும் வரை அதையே விளையாடட்டும்.

கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். குதிக்கவே விட முடியவில்லை.

குதிப்பதை மட்டும் மெத்தைக்கு மாற்றுங்கள். மெத்தையைத் தரையில் இறக்கிப் போட்டால் சத்தமும் குறையும், விழுந்தாலும் பயமில்லை. மற்ற நேரத்துக்குத் தவழ்வது, உருள்வது, தள்ளுவது, பூனை மாதிரி சத்தமே வராமல் நடப்பது. கீழ்வீட்டுக்காரரிடம் "காலையில் இந்த அரை மணி நேரம் மட்டும் கொஞ்சம் ஆடுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். நேரம் தெரிந்த சத்தத்தைப் பலரும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

குழந்தைக்கு ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்கு என்ன அசைவு?

விழித்திருக்கும்போது குப்புறப் படுக்க வைப்பதுதான் அந்த வயதின் முக்கியமான உடற்பயிற்சி. இன்னும் நகர ஆரம்பிக்காத குழந்தைக்கு, நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து, மொத்தம் 30 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கழுத்தும் தோளும் முதுகும் இதில்தான் பலப்படுகின்றன. முதலில் ஒரு நிமிடத்திலேயே அழும். பரவாயில்லை, உங்கள் மார்பில் குப்புறப் போட்டுக்கொள்ளுங்கள்; உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். நீங்களும் தரையில் எதிரே படுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாந்துதான்.

தள்ளுவண்டி, உயர நாற்காலி, சாய்வு இருக்கை போன்றவற்றில் கட்டிப்போட்ட மாதிரி ஒரே தொடர்ச்சியாக 1 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அடைபட்ட நாட்களில் இது நமக்குத் தெரியாமலே கூடிவிடும். கண்முன் பத்திரமாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம்.

திரையில் அப்படி என்னதான் கெடுதல்? பாட்டும் எழுத்தும் கற்றுக்கொள்கிறதே!

எழுத்தையும் நிறத்தையும் வரிசையாக ஒப்பிக்கக் கற்றுக்கொள்ளும், உண்மைதான். ஆனால் சின்ன வயதில் மொழி ஆளிடமிருந்துதான் வருகிறது. 2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கூல் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த 9 மாதக் குழந்தைகள் சிலரோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து 12 அமர்வுகளில் படித்து, விளையாடி, பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். அவை எதையும் கற்றுக்கொள்ளவில்லை. திரையில் இருப்பவர் குழந்தை எங்கே பார்க்கிறது என்று கவனிக்க மாட்டார், அது "ங்ஙா" என்றால் பதில் சொல்ல மாட்டார். அந்தப் பதில்தான் மொழிக்கு உரம்.

இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. நாளுக்கு இருபது நிமிடக் கார்ட்டூன் எந்தக் குழந்தையையும் கெடுத்துவிடாது. நான்கு மணி நேரம் பார்க்கும்போது அந்த நான்கு மணி நேரத்தில் நடந்திருக்க வேண்டிய பேச்சும் ஓட்டமும் தூக்கமும் போய்விடுகின்றன. நான் பயப்படுவது அதற்குத்தான்.

டிவி சும்மா பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தை அதைப் பார்ப்பதே இல்லை. அதுவும் கணக்கா?

கணக்குதான். பெரியவர்கள் நிகழ்ச்சி பின்னால் ஓடும்போது ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்று அமெரிக்காவில் பார்த்தார்கள். 2008இல் அந்த ஆய்வு வெளிவந்தது. குழந்தைகள் அவ்வப்போது சில நொடிகள்தான் டிவி பக்கம் திரும்பினார்கள். ஆனாலும் ஒரே பொம்மையோடு தொடர்ந்து விளையாடும் நேரம் குறைந்துபோயிற்று. கட்டிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவினார்கள். பின்னால் டிவி ஓடும்போது பெற்றோர் குழந்தையோடு பேசுவதும் குறைகிறது.

செய்தி அலைவரிசையை நாள் முழுக்கப் போட்டு வைப்பதை நெருக்கடி நேரத்தில் பலரும் செய்தோம். சாவு எண்ணிக்கையும் பதற்றமான குரலும் நான்கு வயதுக்கு நன்றாகவே கேட்கும். செய்தியைக் குழந்தை தூங்கிய பிறகு பாருங்கள்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். போன் கொடுக்காமல் ஒரு அழைப்பைக்கூட முடிக்க முடியவில்லை. நான் செய்வது தப்பா?

தப்பில்லை. இரண்டு பேர் செய்யும் வேலையை ஒருவர் செய்யும்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் நானும் கொடுத்திருக்கிறேன், கண்ணில் நீர் முட்ட.

கொடுப்பதை எங்கே கொடுக்கிறோம் என்று மட்டும் யோசியுங்கள். உங்கள் ஒரு மணி நேரத்தை, நீங்கள் கட்டாயம் உட்கார்ந்தே ஆக வேண்டிய நேரத்துக்குச் சேமித்து வையுங்கள். காலையில் கண் விழித்ததும் கொடுத்துவிட்டால் பதினோரு மணி அழைப்புக்குக் கையில் எதுவும் இருக்காது. அப்போது இரண்டாவது மணி நேரம் ஆரம்பிக்கும். இன்னொன்று, முக்கியமான அழைப்புக்கு முன்னால் பதினைந்து நிமிடம் குழந்தையோடு நன்றாக ஆடிவிடுங்கள். போனைக் கையில் எடுக்காமல், முழு மனதோடு. ஓடிக் களைத்து, அம்மாவோ அப்பாவோ கிடைத்த நிறைவோடு இருக்கும் குழந்தை அப்புறம் இருபது நிமிடம் தனியாக விளையாடும். நாள் முழுக்கப் பாதிக் கவனம் மட்டும் கிடைத்த குழந்தைதான் காலையே சுற்றி வருகிறது.

வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் "இப்போது யார் முறை" என்பதைக் காலையிலேயே பேசிவிடுங்கள். இருவரும் அரைகுறையாகப் பார்த்துக்கொள்வதைவிட ஒருவர் ஒரு மணி நேரம் முழுதாகப் பார்த்துக்கொள்வது மேல்.

எந்த மாதிரி நிகழ்ச்சி பரவாயில்லை?

மெதுவாகப் போவது. ஒரே கதை, தெளிவான பேச்சு, காட்சிகள் நொடிக்கு நொடி தாவாமல் இருப்பது. 2011இல் வெளியான ஒரு சோதனையில் நான்கு வயதுக் குழந்தைகள் மிக வேகமான கார்ட்டூன் ஒன்றை வெறும் 9 நிமிடம் பார்த்தார்கள். உடனே கொடுத்த சோதனைகளில், அதே நேரம் படம் வரைந்த குழந்தைகளைவிட அவர்கள் கவனத்தையும் பொறுமையையும் கட்டுப்படுத்தத் திணறினார்கள்.

முடிந்தால் பக்கத்தில் உட்காருங்கள். "அந்த நாய் ஏன் அழுகிறது?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், பார்ப்பது பேச்சாகிவிடும். தானாக அடுத்த வீடியோ ஓடும் ஆட்டோபிளே வசதியை இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

நிறுத்தும்போது அலறித் தரையில் புரள்கிறது. என்ன செய்வது?

"இன்னும் இரண்டு நிமிடம்தான்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள் என்று பலரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1 முதல் 5 வயதுக் குழந்தைகள் உள்ள குடும்பங்களை வைத்து 2016இல் செய்த ஆய்வில், அந்த இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்தபோது ரகளை கூடியதாகத்தான் தெரிந்தது. குழந்தைக்கு இரண்டு நிமிடம் என்றால் என்னவென்றே தெரியாது. சண்டை வரப்போகிறது என்பது மட்டும் தெரியும். எப்போது ரகளை குறைந்தது என்றால், நிகழ்ச்சி தானாக முடியும் இடத்தில் நிறுத்தியபோதும், தினமும் அதே நேரத்தில் நிறுத்துவது பழக்கமாக இருந்தபோதும்.

அதனால் நிமிடத்தை விட்டுவிட்டுக் கதையை அளவாக வையுங்கள். "ஒரு கதை, அப்புறம் குளியல்." கதை முடிந்ததும் குழந்தையே அணைக்கட்டும். பொத்தானை அழுத்தும் உரிமையை மகனுக்குக் கொடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பாதிச் சண்டை போய்விட்டது. அணைத்ததும் உடனே செய்ய உடம்பை அசைக்கிற ஒன்று இருக்க வேண்டும்: "தவளையாகக் குதித்துக் குளியலறைக்குப் போகலாம் வா." வெறுங்கையோடு விட்டால் அழத்தான் செய்யும்.

அழுதாலும் திருப்பிக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், கத்த வேண்டாம், விளக்கம் சொல்லவும் வேண்டாம். முதல் நான்கைந்து நாள் கடினம்.

தாத்தா பாட்டியோடு வீடியோ கால் பேசுவதும் திரை நேரமா?

அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட 18 மாதத்துக்கு முன் திரை வேண்டாம் என்று சொல்லும்போது வீடியோ காலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. எதிரில் இருப்பவர் குழந்தையின் பெயரைச் சொல்லி, சிரித்தால் சிரித்து, கேட்டால் பதில் சொல்கிறார். தாத்தாவை ஒரு ஆட்டம் போடச் சொல்லி, பேரன் அதைப் பார்த்து ஆடினால் அசைவுக் கணக்கிலும் சேரும்.

திரையைப் பார்த்து ஆடுகிற, யோகா செய்கிற வீடியோக்கள்?

உலக சுகாதார நிறுவனம் 1 மணி நேரம் என்று வரம்பு கட்டுவது உட்கார்ந்து பார்க்கும் திரைக்கு. உண்மையிலேயே ஆடினால் அது அசைவு. ஆனால் கவனித்துப் பாருங்கள், முதல் மூன்று நாள் ஆடும். நான்காம் நாள் வாயைப் பிளந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது படத்தை மறைத்துப் பாட்டை மட்டும் ஓடவிடுங்கள்.

போன் காட்டினால்தான் சாப்பிடுகிறது.

இது அடைபட்ட நாட்களில் ஆரம்பித்துப் பல வருடம் ஒட்டிக்கொள்ளும் பழக்கம். திரையில் லயித்திருக்கும் குழந்தைக்கு வாயில் என்ன போகிறது, வயிறு நிறைந்ததா என்பது உறைப்பதில்லை. ஒரு நாளில் ஒரு வேளையை மட்டும் முதலில் மாற்றுங்கள், குழந்தைக்கு நன்றாகப் பசிக்கிற வேளையை. அதற்கு முன் ஒரு ஆட்டம் போட்டிருந்தால் பசியும் இருக்கும். நீங்களும் அதே நேரம் அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், உங்கள் போன் வேறு அறையில் இருக்கட்டும். முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடும். ஆரோக்கியமான குழந்தை பசியை ஈடுகட்டிக்கொள்ளும். எடை இறங்கினாலோ சோர்ந்து கிடந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

கண்ணுக்கு என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு அடைபட்ட காலமே ஒரு பதில் கொடுத்திருக்கிறது. சீனாவின் ஃபெய்செங் நகரில் பள்ளிப் பிள்ளைகளின் கண்களை வருடாவருடம் பரிசோதித்து வந்தார்கள். 2015 முதல் 2019 வரை ஆறு வயதுப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் அதிகபட்சம் 5.7 சதவீதம். பல மாதம் வீட்டில் அடைபட்டிருந்த பிறகு 2020இல் அது 21.5 சதவீதம். பெரிய பிள்ளைகளுக்குத்தான் ஆன்லைன் வகுப்பு அதிகம், ஆனால் பத்து வயதைத் தாண்டியவர்களிடம் மாற்றம் மிகக் குறைவு. வளர்ந்துகொண்டிருக்கிற சின்னக் கண்கள்தான் அடைபட்ட வாழ்க்கைக்குச் சீக்கிரம் வளைந்துகொடுக்கின்றன என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு காரணம். வெளியே போகாதது இன்னொரு காரணம். சீனாவின் குவாங்சோ நகரில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே நேரம் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் 30.4 சதவீதம், மற்றவர்களில் 39.5. பகல் வெளிச்சம் கண்ணுக்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது. வெளியே போக முடியாத நாளில் மொட்டை மாடி, கம்பி போட்ட பால்கனி, பெரிய ஜன்னல் ஓரம் என்று வெளிச்சம் உள்ள இடத்துக்கு விளையாட்டை நகர்த்துங்கள். தூரத்தில் பறவை, மேகம், எதிர் மாடியில் காயும் துணியின் நிறம் என்று தேடச் சொல்லுங்கள். பார்க்கத்தான் வேண்டும் என்றால் கையில் பிடித்த போனைவிட எட்ட இருக்கும் டிவி மேல்.

தூங்க நள்ளிரவு ஆகிவிடுகிறது.

பகலில் உடம்பு அலுக்காமல் இருப்பதும் இரவில் வெளிச்சம் கூடுவதும் சேர்ந்து செய்கிற வேலை இது. தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிற மெலடோனின் என்ற ஹார்மோன் இருட்டத் தொடங்கும்போது சுரக்கிறது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைத் தூங்கும் முன் ஒரு மணி நேரம் பிரகாசமான ஒளி மேசையில் விளையாட வைத்து அமெரிக்காவின் கொலராடோவில் அளந்தபோது, மெலடோனின் ஏறத்தாழ 88 சதவீதம் அடங்கிப்போனது; வெளிச்சத்தை அணைத்து ஐம்பது நிமிடம் ஆன பிறகும் திரும்பவில்லை. போன் அவ்வளவு பிரகாசம் இல்லைதான். ஆனாலும் சின்னக் கண்களில் பாவை (நடுவில் உள்ள கருவட்டம்) பெரியது, லென்ஸ் தெளிவானது, வெளிச்சம் நம்மைவிட அதிகமாக உள்ளே போகும்.

தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரையும் அணையட்டும், அறை விளக்கும் மங்கட்டும். எழுப்புகிற நேரத்தை மாற்றாதீர்கள். லீவுதானே என்று பத்து மணி வரை தூங்கவிட்டால் இரவு இன்னும் தள்ளிப்போகும்.

மூன்று வயதுக்கு ஆன்லைன் வகுப்பு தேவையா?

என் கருத்தில் இல்லை. தோழர்கள் முகத்தைப் பார்க்கவும் ஒரு பாட்டுப் பாடவும் பத்துப் பதினைந்து நிமிடம் என்றால் சரி. அதற்கு மேல் உட்கார வைத்து, "கேமராவைப் பார், கையைக் கட்டு" என்று பக்கத்தில் நின்று அதட்டுகிற நிலை வந்தால் விட்டுவிடுங்கள். எதையும் இழக்கவில்லை.

இரண்டு வயதாகிறது, இன்னும் பேச்சு வரவில்லை. போன்தான் காரணமா?

போன்தான் காரணம் என்று வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அடைபட்ட காலத்தில் பலர் "வெளியே போனால் சரியாகிவிடும்" என்று ஒரு வருடத்தைத் தள்ளிப்போட்டதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஒரு வயதில் மழலையோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்கவில்லை, அல்லது வந்த பேச்சு நின்றுபோயிற்று என்றால் உடனே குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள். காது கேட்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். திரையைக் குறைப்பதும் பேச்சைக் கூட்டுவதும் அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

வீட்டுக்குள் ஆடவிடும்போது எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஜன்னலை ஒட்டி நாற்காலியோ கட்டிலோ வேண்டாம். ஏறிப் பிடித்தால் சாய்கிற அலமாரியையும் டிவியையும் சுவரோடு பிணைத்துவிடுங்கள். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பலூன் விளையாட்டு அருமையானது, ஆனால் ஊதாத பலூனும் உடைந்த துண்டும் தொண்டையில் அடைத்து உயிரைப் பறிக்கும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுத்து, உடைந்ததும் ஒரு துண்டு விடாமல் பொறுக்குங்கள்.

காய்ச்சலாக இருக்கும்போது?

ஓய்வுதான். 180 நிமிடமும் வேண்டாம், திரைக் கணக்கும் வேண்டாம். குணமான பிறகு ஒரு வாரத்தில் மெல்ல மெல்லப் பழைய ஆட்டத்துக்கு வரட்டும். ஆடும்போது மார்வலி, மயக்கம், வழக்கத்தைவிட அதிகமான மூச்சிரைப்பு என்று எது வந்தாலும் நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏற்கெனவே நாளுக்கு ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் இரண்டு நாள் எதையும் மாற்றாதீர்கள். எந்தெந்த நேரத்தில், எதற்காகக் கொடுக்கிறோம் என்று ஒரு தாளில் குறியுங்கள். பெரும்பாலும் நான்கைந்து இடம்தான் வரும்: எழுந்ததும், சாப்பாடு, சமையல் நேரம், சாயங்காலம், தூங்கும் முன். அதில் உங்களுக்கு எளிதாக விட முடிகிற ஒன்றை எடுத்து, அங்கே ஒரு ஆட்டத்தை வையுங்கள். அது பழகியதும் அடுத்தது. என்னிடம் வந்த ஒரு அம்மா சாயங்காலத்தை எடுத்தார். தினமும் ஐந்து மணிக்கு ஒரே பாட்டைப் போட்டு, வீட்டில் இருந்த அத்தனை பேரும் ஆடினார்கள். பத்து நாள் கழித்து, பாட்டுப் போட மறந்த ஒரு நாளில், இரண்டரை வயது மகள் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்து நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டாளாம்.

உங்கள் போனையும் அந்தத் தாளில் எழுதுங்கள். குழந்தை நம் கையைத்தான் பார்க்கிறது.

மறுபடி வெளியே போகும்போது குழந்தை பயந்து ஒட்டிக்கொள்கிறது, சீக்கிரம் களைத்துவிடுகிறது. ஏதும் பிரச்சினையா?

பெரும்பாலும் இல்லை. மாதக்கணக்கில் சமதளத் தரையில் மட்டும் நடந்த கால்களுக்கு மணலும் சரிவும் புல்லும் புதிது. மூன்று வயதுக் குழந்தைக்கு ஆறு மாதம் என்பது வாழ்ந்த வாழ்க்கையில் ஆறில் ஒரு பங்கு. அதற்கு முன் பூங்கா எப்படி இருந்தது என்பதே மறந்திருக்கும். முதல் நாள் பத்து நிமிடம், கூட்டம் இல்லாத நேரம். இறங்கமாட்டேன் என்றால் இடுப்பிலேயே இருக்கட்டும்.

என் மகன் முதல் நாள் புல்லில் காலை வைக்கவே இல்லை. செருப்போடு என் காலடியில் நின்றுகொண்டு, கொஞ்ச நேரம் கழித்து, "இங்கே கோடு எங்கே?" என்று கேட்டான். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் இழுத்தேன். கையை விரித்துக்கொண்டு அதன்மேல் நடந்து போனான். கோடு முடிந்த இடத்தில் ஒரு நொடி நின்றான், அப்புறம் ஓடினான்.